நாடு மாறினால் டொமைன் நம்முடையதா? கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை: குடியிருப்பு மாறியது, டொமைன் பெயர் (தளத்தின் இணைய முகவரி) ஆட்டம் காண்கிறது. டாட் ஈயூ, டாட் சிஏ போன்ற பெயர்களை வைத்திருக்க அந்த இடத்துக் குடியுரிமையோ குடியிருப்போ கேட்பார்கள். அதனால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பாரிஸில் இருந்தபோது ஐரோப்பிய ஒன்றியத்துக்கான டாட் ஈயூ பெயர் ஒன்று வாங்கினேன். எனக்கு பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. இப்போது லண்டனில் கடை. முகவரியை மாற்றியதும் "தகுதி இல்லை" என்று மெயில் வந்துவிட்டது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட்டின்போது போன பெயர்களோடு இதுவும் போக வேண்டியதுதானா?

போக வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் உலகில் எங்கே வசித்தாலும் டாட் ஈயூ வைத்திருக்கலாம் என்ற விதி 2019 அக்டோபரிலேயே வந்துவிட்டது. பிரிட்டனில் வசித்த, ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கும் பிரிட்டனில் மட்டும் இருந்த நிறுவனங்களுக்கும்தான் அடி விழுந்தது. 2021 ஜனவரி 1 அன்று அவர்களுடைய பெயர்கள் முடக்கப்பட்டன. மார்ச் 31 வரை தகுதியைக் காட்ட அவகாசம் இருந்தது. காட்டாதவர்களின் பெயர்கள் அந்த ஆண்டு முழுவதும் செயலற்றுக் கிடந்து, 2022 தொடக்கத்திலிருந்து தகுதி உள்ள யார் வேண்டுமானாலும் வாங்கும்படி விடுவிக்கப்பட்டன.

உங்கள் சிக்கல் அநேகமாக ஒரே ஒரு கட்டத்தில் இருக்கிறது. ரெஜிஸ்ட்ரார் (பெயரை உங்களுக்கு விற்ற நிறுவனம்) கணக்கில் தொடர்பு விவரப் பக்கத்தைத் திறந்து, "நிறுவனம்" என்ற கட்டத்தில் கடைப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஏதாவது எழுதியிருந்தால் உரிமையாளர் அந்த நிறுவனம் என்றுதான் ரெஜிஸ்ட்ரி (டாட் ஈயூ முழுவதையும் நடத்தும் அமைப்பு) எடுத்துக்கொள்ளும். லண்டன் கடைக்கு ஒன்றியத்தில் இருப்பிடம் இல்லை, கடைக்குக் குடியுரிமையும் கிடையாது. அந்தக் கட்டத்தைக் காலி செய்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே உங்கள் பெயரைப் போட்டு, குடியுரிமை நாடு என்ற இடத்தில் பிரான்ஸைத் தேர்ந்தெடுங்கள். முகவரி இப்போதைய லண்டன் முகவரியாகவே இருக்கட்டும். பழைய பாரிஸ் முகவரியை ஒட்டவைக்காதீர்கள். சில ரெஜிஸ்ட்ரார்கள் இதை உரிமையாளர் மாற்றமாகவே நடத்துவார்கள், உறுதிசெய்யச் சொல்லி மெயில் வரும். மறுவிற்பனைக்காரர்கள் சிலருடைய படிவத்தில் குடியுரிமைக் கட்டமே இருக்காது. சப்போர்ட்டுக்கு எழுதியும் நடக்காவிட்டால் ரெஜிஸ்ட்ராரை மாற்றுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இதைச் செய்தபின் பெயர் சட்டப்படி உங்கள் சொந்தப் பெயரில் இருக்கும், கடையின் பெயரில் இருக்காது. கடையில் பங்காளி இருந்தால் இப்போதே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவையுங்கள்.

கனடா பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) வைத்திருக்கிறேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. என் டாட் சிஏ பெயருக்கு ஆபத்து உண்டா?

உண்டு. கனடாக் குடிமகன் எங்கே இருந்தாலும் டாட் சிஏ வைத்திருக்கலாம். பிஆர் வைத்திருப்பவருக்கு அது போதாது. வழக்கமாகக் கனடாவில் வசிப்பவராகவும் இருக்க வேண்டும். அதாவது பெயர் உங்களிடம் இருக்கும் காலம் முழுவதும், ஒவ்வொரு 12 மாதத்திலும் 183 நாளுக்கு மேல் அங்கே இருக்க வேண்டும். பிஆர் அட்டைக்கான கணக்கு வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

டாட் சிஏவை நடத்தும் சிரா ஆதாரம் கேட்டால் காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. மனைவியோ வளர்ந்த பிள்ளையோ கனடாக் குடிமக்களாக இருந்தால் அவர்கள் பெயருக்கு மாற்றுங்கள். கனடாவில் பதிவான, உண்மையிலேயே நடக்கும் கம்பெனி இருந்தால் அதன் பெயருக்கு மாற்றலாம். இதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்க வேண்டாம். அதன் வருடாந்தரச் செலவு டொமைன் கட்டணத்தைப் போலப் பல மடங்கு ஆகும்.

அமெரிக்காவை விட்டு வந்துவிட்டேன். டாட் யுஎஸ் பெயருக்கு மச்சான் வீட்டு முகவரியைப் போட்டால் போதுமா?

போதாது. பெயர் உங்களுடையதாகவும் முகவரி அவருடையதாகவும் இருந்தால் அது பொய் விவரம். பெயரைப் பறிக்க அந்த ஒரு காரணமே போதும். மச்சான் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருந்தால் உரிமையையே அவருக்கு மாற்றுங்கள். அதற்கு முன் அவரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: டாட் யுஎஸ்ஸில் விவரத்தை மறைக்கும் ப்ரைவசி சேவைக்கு அனுமதி கிடையாது.

ஜெர்மனியிலிருந்து சுவிட்சர்லாந்துக்கு மாறினேன். இலங்கைப் பாஸ்போர்ட். ஐரோப்பாவில்தானே இருக்கிறேன், டாட் ஈயூ ஏன் கூடாது?

சுவிட்சர்லாந்து ஒன்றியத்திலும் இல்லை, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலும் இல்லை. நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் மூன்றும் அந்தப் பகுதியில் சேர்ந்தவை. அங்கே போயிருந்தால் பெயர் தங்கியிருக்கும். சுவிட்சர்லாந்தின் டாட் சிஎச் பெயருக்குக் குடியிருப்பு நிபந்தனை இல்லை. அதை இன்றைக்கே வாங்கி, பழைய பெயர் உயிரோடு இருக்கும்போதே இடம் மாறுங்கள்.

தகுதி போனவர்களுக்காக "டிரஸ்டி" சேவை என்று ஒன்றை விற்கிறார்கள். வருடத்துக்கு ஒரு தொகை, அவர்கள் பெயரில் டொமைன் இருக்கும். வாங்கலாமா?

அந்த டொமைனில் வியாபாரம் நடக்கிறது என்றால் வேண்டாம். ரெஜிஸ்ட்ரியின் ஏட்டில் உரிமையாளர் அவர்கள்தான். அவர்கள் கடையை மூடினாலும், கட்டணத்தை ஏற்றினாலும், உங்களோடு மனத்தாங்கல் வந்தாலும் ரெஜிஸ்ட்ரி உங்கள் பேச்சைக் கேட்காது. ரெஜிஸ்ட்ராரோடு சேர்த்து மலிவாகக் கிடைத்த இப்படி ஒரு சேவைக்கு நானும் காசு கட்டியிருக்கிறேன்; பெயரை வேறு இடத்துக்கு நகர்த்தத் தேவைப்படும் மாற்றுக் குறியீட்டைக் கேட்டபோது அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். புதிய பெயருக்கு மாறும் வரை சில மாதம் தாங்கிப்பிடிக்க மட்டும் என்றால் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடுங்கள்: நீங்கள் கேட்ட எத்தனை நாளில் பெயரை உங்களுக்கோ நீங்கள் காட்டுபவருக்கோ மாற்றித் தருவார்கள், அதற்கு எவ்வளவு. அந்த இரண்டும் இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெயர் முடக்கப்பட்டுவிட்டது. ரெஜிஸ்ட்ரார் கணக்கின் மெயில் முகவரியும் அதே டொமைனில்தான். பாஸ்வேர்டு மாற்றும் மெயில்கூட வரவில்லை. என்ன செய்வது?

முதலில் உங்களுக்கு: அடையாள ஆவணம், பழைய ரசீது, பணம் கட்டிய கார்டு விவரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு ரெஜிஸ்ட்ராரின் சப்போர்ட்டுக்கு வேறு மெயிலிலிருந்து எழுதுங்கள். கணக்கின் மெயிலை மாற்றச் சொல்லுங்கள். கையால் பார்த்துச் செய்கிற வேலை என்பதால் நாள் பிடிக்கும்.

இனி எல்லோருக்கும். இதை எத்தனை முறை எழுதினாலும் கடிதம் வருவது நிற்கவில்லை. டொமைன் கணக்கின் மெயிலை அந்த டொமைனிலேயே வைக்காதீர்கள். முடக்கம் என்றால், எந்தப் பெயர் எந்தச் சர்வரில் என்று சொல்லும் இணைய ஏடான டிஎன்எஸ்ஸிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். தளமும் மெயிலும் சேர்ந்தே நிற்கும். பழைய பெயரிலிருந்து புதியதற்கு அனுப்பும் 301 ரீடைரக்டும் அதோடு செத்துவிடும். முடங்கிய பிறகு புதிய பெயருக்குப் போக நினைப்பவர் பழைய வாடிக்கையாளர் ஒருவரைக்கூடக் கூட்டிப்போக முடியாது. அதனால் நாடு மாறப்போவது தெரிந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். புதிய பெயரை வாங்குங்கள். தள உரிமையாளர்களுக்கான கூகுள் சர்ச் கன்சோலில் இரண்டு பெயரும் உங்களுடையவை என்று சரிபார்த்து, முகவரி மாற்றத்தை அங்கே தெரிவியுங்கள். முகப்புப் பக்கத்தை மட்டும் திருப்பிவிட்டால் போதாது. ஒவ்வொரு பழைய பக்கமும் அதற்கு இணையான புதிய பக்கத்துக்குப் போக வேண்டும். ரீடைரக்ட் குறைந்தது ஒரு வருடம் இருக்கட்டும். அதுவரை பழைய பெயரின் எஸ்எஸ்எல் சான்றிதழும் (தளம் பாதுகாப்பானது என்று உலாவிக்குக் காட்டுவது) புதுப்பிக்கப்பட வேண்டும். ஹோஸ்டிங் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று பழைய சர்வரை மூடிவிட்டு, உலாவி எச்சரிக்கை காட்டுகிறதே என்று எழுதுபவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

மெயில் இதைவிடப் பெரிய ஆபத்து. பெயர் விடுவிக்கப்பட்டதும் வேறொருவர் வாங்கி, அந்த டொமைனுக்கு வரும் எல்லா மெயிலையும் ஒரே பெட்டியில் வாங்கிக்கொள்ளலாம். உங்கள் வங்கிக் கணக்கு, பணம் வாங்கும் சேவை, ஃபேஸ்புக் பக்கம் எல்லாவற்றுக்கும் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அவர் அழுத்தினால் போதும். பழைய மெயில் பெட்டியில் "உறுதிசெய்யவும்", "பாஸ்வேர்டு", "ரசீது" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடுங்கள். வந்து விழும் ஒவ்வொரு சேவையிலும் மெயிலை மாற்றுங்கள். அது முடியும் வரை பழைய பெயரைக் கைவிடாதீர்கள்.

எங்கள் தமிழ்ப் பள்ளிக்குத் தபாலில் "டொமைன் தகுதிச் சரிபார்ப்புக் கட்டணம்" என்று ஒரு பில் வந்தது. பொருளாளர் கட்டிவிட்டார். ரெஜிஸ்ட்ரார் தாங்கள் அனுப்பவில்லை என்கிறார்கள்.

பொருளாளரைக் கடிந்துகொள்ளாதீர்கள். பிரெக்ஸிட் போன்ற குழப்பம் வரும்போதெல்லாம் இந்த பில்களும் வரும். அரசு நோட்டீஸ் போலவே அச்சடித்திருப்பார்கள். கார்டில் கட்டியிருந்தால் இன்றே வங்கியை அழைத்து, பணத்தைத் திரும்பப் பெறும் சார்ஜ்பேக் கோருங்கள். வங்கி மாற்றலாக இருந்தாலும் மோசடி என்று உடனே புகார் கொடுங்கள். பிறகு அந்தத் தாளைத் திரும்பப் படியுங்கள். கையெழுத்துப் போட்டது பில்லுக்கு மட்டுமா, டொமைனை அவர்களிடம் மாற்றும் சம்மதத்துக்குமா? சம்மதம் இருந்தால் ரெஜிஸ்ட்ராரிடம் சொல்லி, பெயர் வெளியே போகாதபடி டிரான்ஸ்ஃபர் லாக் போட்டு, மாற்றுக் குறியீட்டையும் புதிதாக்கச் சொல்லுங்கள். இனி பணம் கேட்டு எது வந்தாலும் அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், ரெஜிஸ்ட்ரார் கணக்கில் நேரே நுழைந்து பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள்.

தகுதி போன பிறகும் கார்டில் புதுப்பிப்புப் பணம் எடுத்துவிட்டார்கள். அப்படியானால் பெயர் உறுதிதானே?

இல்லை. பணம் எடுப்பது ரெஜிஸ்ட்ராரின் தானியங்கி. தகுதியைப் பார்ப்பது ரெஜிஸ்ட்ரி.

தகுதிப் பிரச்சினையே வேண்டாம் என்று டாட் காம் வாங்கினேன். வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற விடமாட்டேன் என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

வாங்கி 60 நாள் ஆகியிருக்காது. டாட் காம் பெயர்களுக்குப் பொதுவாக உள்ள பூட்டு அது. காத்திருங்கள். அதற்குள் தளத்தை நகர்த்த வேண்டுமென்றால் தளம் எங்கே இருக்கிறது என்று காட்டும் நேம்சர்வரை மட்டும் மாற்றுங்கள், அதற்குத் தடையில்லை.