சொந்த மெஷின் வாட்சுக்கு 2 லட்சம் கூடுதலாகக் கொடுக்கலாமா?

கேள்வி: திருமங்கலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வயது 43. நல்ல சுவிஸ் வாட்ச் ஒன்று கட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அதற்காக 4 லட்சம் சேர்த்திருக்கிறேன். ஒரே கம்பெனியின் இரண்டு ஸ்டீல் வாட்சுகளைப் பார்த்தேன். ஒன்று 1.6 லட்சம். இன்னொன்று 3.6 லட்சம், உள்ளே இருக்கும் மெஷினை அந்தக் கம்பெனியே தயாரிக்கிறதாம். "இன்-ஹவுஸ் மூவ்மென்ட் சார், விலை இறங்கவே இறங்காது, முதலீடு மாதிரி" என்கிறார் ஷோரூம்காரர். வாங்கலாமா? கடைக்கான ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) கணக்கில் 11% வட்டியில் 3 லட்சம் பாக்கி இருக்கிறது.

பதில்: கடைசி வரியில் போகிற போக்கில் ஓ.டி.யைச் சொல்லிவிட்டீர்கள். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் மெஷின்.

சுவிஸ் கம்பெனிகளில் பல, காலம் காலமாக மெஷினை வெளியில்தான் வாங்கின. ஸ்வாட்ச் குழுமத்தைச் சேர்ந்த ஈட்டா பெருமளவில் சப்ளை செய்தது. 2000-களின் தொடக்கத்தில், இனி வெளியாருக்குக் குறைப்போம் என்று அந்தக் குழுமம் அறிவித்தது. சிலர் செலிட்டா என்ற இன்னொரு மெஷின் கம்பெனியிடம் போனார்கள், சிலர் சொந்தமாகத் தயாரிக்க இறங்கினார்கள். அப்படி இறங்கியவர்கள் போட்ட பணத்தை எடுக்க வேண்டாமா? 'சொந்த மெஷின்' என்பது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பலன் இல்லாமல் இல்லை. ஈட்டாவின் 2824 என்ற மெஷின் முழுச் சாவியில் சுமார் 38 மணி நேரம் ஓடும். புதிய சொந்த மெஷின்கள் பலவும் 70 மணி நேரம் தாங்கும். வெள்ளி இரவு கழற்றி வைத்தால் முன்னது ஞாயிறு மதியத்துக்குள் நின்றுவிடும், பின்னது திங்கள் காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும். தினமும் வாட்சோடு கடைக்குப் போகிற உங்களுக்கு இதனால் என்ன லாபம் என்று நீங்களே யோசியுங்கள். நேரம் துல்லியமாகக் காட்ட வேண்டும் என்றால் ஆயிரம் ரூபாய் பேட்டரி வாட்ச் இரண்டையும் ஜெயித்துவிடும்!

'விலை இறங்காது' என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ரோலக்ஸின் டேடோனா மாடலில் 1988 முதல் 2000 வரை ஓடியது, ஜெனித் என்ற வேறு கம்பெனியின் மெஷினை அடிப்படையாகக் கொண்டது. அதற்கு முந்தைய டேடோனாக்களில் வால்ஜூ என்ற வெளிக் கம்பெனியின் மெஷின். நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த அந்தப் பழைய டேடோனா 2017-ல் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்குப் போனது. உள்ளே இருந்தது வெளி மெஷின் என்று யாரும் விலையைக் குறைத்துக் கேட்கவில்லை. மறுபக்கம், சாதாரண வாட்சான சீக்கோ 5-ல் இருப்பது சீக்கோவின் சொந்த மெஷின்தான். நம் தமிழ்நாடு அரசின் டிட்கோவோடு கூட்டாகத் தொடங்கிய டைட்டனும் ஓசூரில் சொந்தமாக மெஷின் செய்கிறது. அவற்றை யாராவது முதலீடு என்கிறார்களா? மறுவிற்பனையில் பேசுவது பெயரும் கிராக்கியும்தான். அந்தக் கிராக்கியும் நிரந்தரமில்லை. 2022 தொடக்கத்தில் உச்சத்தில் இருந்த செகண்ட் ஹேண்ட் விலைகள், பெரிய பிராண்டுகளுக்கும் சேர்த்தே, பிறகு இறங்கின.

மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் நகை எடுத்தால் செய்கூலி, சேதாரம் கொடுக்கிறோம். மாற்றப் போகும்போது கடைக்காரர் எடையைத்தான் பார்ப்பார். இந்த 2 லட்சமும் அப்படிப்பட்ட செய்கூலிதான். அதிலும் இது ஸ்டீல், எடைக்குக்கூட மதிப்பில்லை. விலைக்குள் இருக்கும் 18% ஜி.எஸ்.டி.யும் இறக்குமதி வரியும் விற்கும்போது உங்கள் கைக்கு வராது.

இன்னொரு செலவும் உண்டு. ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை மெஷினைப் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் விட வேண்டும். ஈட்டா, செலிட்டா என்றால், டவுன்ஹால் ரோடு பக்கம் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு வேலை பார்க்கும் அனுபவமுள்ள மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். சொந்த மெஷினுக்கு ஸ்பேர் வெளியில் கிடைப்பது கஷ்டம். பெரும்பாலும் கம்பெனிக்கே அனுப்ப வேண்டும், அவர்கள் சொல்வதுதான் கூலி.

சரி, ஓ.டி. 3 லட்சத்துக்கு 11% என்றால் வருடத்துக்கு 33,000 ரூபாய் வட்டி. கையில் 4 லட்சத்தை வைத்துக்கொண்டு இதை ஏன் கட்டுகிறீர்கள்? 3 லட்சத்தை நாளைக்கே ஓ.டி.யில் போடுங்கள். கடைக்கு அவசரம் என்றால் லிமிட் வரை திரும்ப எடுத்துக்கொள்ளலாம், பணம் எங்கும் போய்விடாது. மீதி 1 லட்சம் இருக்கிறது. மிச்சமாகும் வட்டியை மாதம் 2,750 வீதம் ஆர்.டி.யில் போட்டு வாருங்கள். இரண்டு வருடத்துக்குள் 1.6 லட்சம் வாட்ச் உங்கள் கையில் இருக்கும், கடன் இல்லாமல். ஆசைக்கு வாங்குங்கள், அதில் தப்பே இல்லை. வீட்டுச் செலவுக் கணக்கில் எழுதுங்கள், முதலீட்டுக் கணக்கில் வேண்டாம்.

வாங்கும்போது பில், வாரன்டி கார்டு, பாக்ஸ் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்; இவை இல்லாத வாட்சுக்குப் பாதி பேர் விலையே சொல்லமாட்டார்கள். சொந்த உபயோகத்துக்கான ஸ்டீல் வாட்சை விற்று லாபம் வந்தால் பொதுவாக மூலதன ஆதாய வரி கிடையாது. தங்க வாட்ச், கல் பதித்த வாட்ச் என்றால் அது நகைக் கணக்கில் வரும், ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.