பருப்பு வேகாத தண்ணீரும் எரியும் கன்னமும்

கேள்வி: காட்பாடியில் புது வாடகை வீட்டுக்கு வந்து நான்கு மாதமாகிறது. குளிக்கவும் முகம் கழுவவும் போர் தண்ணீர்தான். ஷேவிங் செய்தால் கன்னமும் தாடையின் அடிப்பக்கமும் எரிகின்றன. சற்று நேரத்தில் தோல் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்து இழுக்கிறது. காவிரித் தண்ணீர் வந்த பழைய வீட்டில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. பிளேடையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். தண்ணீர்தான் காரணமா?
— வாசகர் ஒருவர், காட்பாடி

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், தண்ணீரும் சோப்பும் சேர்ந்து செய்கிற வேலை இது. பாறைக்கடியில் நெடுங்காலம் தங்கிய ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கும்; இவை மிகுந்த நீரைத்தான் கடின நீர் என்கிறோம். சோப்பு அவற்றோடு சேர்ந்ததும் நுரைப்பதற்கு முன்பே கரையாத வெள்ளைப் பிசுக்காக மாறிவிடுகிறது. குளியலறை பக்கெட்டின் உட்புறத்தில் விரலால் வழித்தால் வருகிறதே, அதே பிசுக்குதான் கன்னத்திலும் படிகிறது. நுரை மெலிந்துபோவதால் பிளேடு வழுக்காமல் தோலைச் சுரண்டுகிறது. தோலின் இயல்பு சற்றே அமிலத்தன்மை, சோப்போ காரத்தன்மை உடையது என்பதால், கழுவியும் போகாமல் தங்கும் பிசுக்கு எரிச்சலையும் வறட்சியையும் நீட்டிக்கிறது.

பாலாற்றங்கரையில் பல ஊர்களில் இதோடு உவர்ப்பும் சேர்ந்துகொள்கிறது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் குறித்து வேலூர் குடிமக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது; ஆனால் அதற்கு முன்பே நிலத்தில் இறங்கிவிட்ட உப்பு எளிதில் வெளியேறுவதில்லை. உவர்நீரிலும் சோப்பு சரியாகக் கரையாது.

உங்கள் வீட்டுத் தண்ணீரில் துவரம்பருப்பு வேக மறுக்கிறதா, குழாய் வாயில் வெள்ளைப் பொருக்கு கட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டும் உண்டென்றால் அது கடின நீர்தான் என்று கொள்ளலாம். அளவு தெரிய வேண்டுமானால் ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கிறது, வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது.

இதற்காக வீட்டுத் தண்ணீர் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை; ஒரு சொம்பு நல்ல தண்ணீர் போதும். கேன் தண்ணீரோ மழைநீரோ, அதில்தான் நுரையைக் குழைக்க வேண்டும், கடைசியாக முகத்தையும் அலச வேண்டும். ஷேவிங் க்ரீம்களிலும் பெரும்பாலானவை சோப்பு வகையே என்பதால், விலை உயர்ந்த க்ரீமைப் போர் தண்ணீரில் குழைத்துப் பயனில்லை. ஐப்பசி மழையில் மொட்டைமாடியில் அண்டா வைத்துப் பிடித்த நீரில் ஒருமுறை குழைத்துப் பாருங்கள். பிரஷ் முழுவதும் நுரை திரண்டு நிற்பதைக் கண்ணால் பார்ப்பீர்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தெளிய விட்டால் கடினத்தன்மையில் ஒரு பகுதி அடியில் படியும். உவர்ப்பு மட்டும் போகாது.

குளித்து முடித்த கையோடு, முடி நீரில் ஊறி மெத்தென்று இருக்கும்போதே, முடி வளர்ந்த திசையில் மழியுங்கள். பிறகு படிகாரக் கல்லை முகம் முழுவதும் தேய்க்கும் பழக்கத்தை விடுங்கள். வெட்டுப்பட்ட இடத்தில் இரத்தம் நிற்க அது உதவும், மற்ற இடங்களில் வறட்சியைக் கூட்டும். ஈரம் உலர்வதற்குள் வாசனை சேராத மாய்ஸ்சரைசரை மெல்லியதாகத் தடவுங்கள்.

கேள்வி: என் ஆறு வயது மகனுக்குக் கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் நோய் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் உப்புத் தண்ணீர்தான். கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் கருவி வாங்கினால் குணமாகுமா?
— வாசகி ஒருவர், குடியாத்தம்

பதில்: அந்த நம்பிக்கையில் கடன் வாங்கிச் செலவு செய்துவிடாதீர்கள், அம்மா. இங்கிலாந்தில் கரப்பான் உள்ள 336 குழந்தைகளிடம் இதே கேள்வியை ஆராய்ந்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையோடு கருவியும் பொருத்தப்பட்ட வீட்டுக் குழந்தைகளுக்குக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. மேலும், அந்தக் கருவி கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறதே தவிர, உவர்ப்பைக் குறைப்பதில்லை. அந்தப் பணத்தில் தோல் மருத்துவர் எழுதித் தரும் களிம்பையும் மாய்ஸ்சரைசரையும் தடையின்றி வாங்குங்கள். சோப்பைக் குறைத்து, வெதுவெதுப்பான நீரில் சீக்கிரமாகக் குளிப்பாட்டி, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, உடம்பு ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் தடவிவிடுங்கள்.