பத்தரை மணிக்கு எந்த டிவி?

கேள்வி: 1991-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ராத்திரி, பத்தரை மணிக்கு மதுரை டவுன்ஹால் ரோடு டீக்கடையில் நின்று டிவியில் நேரடியாகவே பார்த்தேன். டீ கிளாஸ் கையைச் சுட்டதுகூட ஞாபகம் இருக்கிறது. வீட்டம்மாவோ, ‘காலையில பால்காரர் சொல்லித்தான நமக்கே தெரியும்’ என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், திருமங்கலம்

பதில்: நீங்கள் சொல்லும் நேரலை அன்றைக்கு எந்த டிவியிலும் ஓடியிருக்க முடியாது. மே 21, செவ்வாய்க்கிழமை. ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததே ராத்திரி சுமார் 10.20-க்கு. அங்கே நேரலை கேமரா எதுவும் கிடையாது. இறந்துபோன புகைப்படக்காரரின் கேமராவில் தப்பிய பிலிமைக் கழுவித்தான் அந்தப் படங்களே வெளியே வந்தன.

அதற்காக நீங்கள் புளுகுவதாகச் சொல்லவில்லை. மே 24-ல் டெல்லியில் நடந்த இறுதிச் சடங்கை தூர்தர்ஷன் நேரடியாகக் காட்டியது. டீக்கடையில் நீங்கள் பார்த்தது அதுவாக இருக்கலாம். நான்காம் நாள் கண்டதை எடுத்து முதல் நாளில் ஒட்டுவது மனசுக்குப் பழகிய வேலை.

அதிர்ச்சிச் செய்தியைக் கேட்ட நொடி படம் பிடித்ததுபோல் மனசில் நிற்பதற்கு ‘பிளாஷ்பல்ப் மெமரி’ என்று 1977-லேயே பேர் வைத்தாயிற்று. அந்தப் படம் எவ்வளவு சரி என்று சோதித்தும் பார்த்தார்கள். 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே எமரி பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் உல்ரிக் நைசர், செய்தியை எப்படி அறிந்தீர்கள் என்று 106 மாணவர்களிடம் எழுதி வாங்கிவிட்டார். இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்வி. 7 மார்க்குக்குச் சராசரி 3-கூடத் தேறவில்லை. 11 பேர் முட்டை. டிவியில்தான் முதலில் தெரிந்தது என்றவர்கள் ஐந்தில் ஒருவராக இருந்தது போய், கிட்டத்தட்ட பாதியாகிவிட்டார்கள். பழைய தாளை நீட்டினால், கையெழுத்து தன்னுடையதுதான், ஆனால் நடந்தது அப்படியில்லை என்று நின்றவர்களும் உண்டு!

ஆகவே கிளாஸ் சூட்டைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். டீ என்றைக்கும்தான் சுடும்.

இருவரும் தனித்தனித் தாளில் எழுதுங்கள்: எங்கே இருந்தோம், என்ன செய்துகொண்டிருந்தோம், யார் சொன்னார், கூட யார், அடுத்து எங்கே போனோம். எழுதி முடிக்கும்வரை இதைப் பற்றிப் பேச்சே கூடாது. பேசினால் ஒருவர் கதை மற்றவர் தாளில் ஏறிவிடும். (முப்பது வருஷமாகப் பேசியதில் ஏறியது ஏறியதுதான்.) பிறகு காலண்டரை எடுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதாக யாராவது எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடலாம், அது முழுப்பரீட்சை லீவு. அழகர் ஆற்றில் இறங்கிய கூட்டத்தில் கேள்விப்பட்டதாக எழுதினாலும் அப்படியே. அந்த வருஷம் சித்ரா பௌர்ணமி ஏப்ரல் கடைசியிலேயே முடிந்துவிட்டது. நேரத்தைச் சரிபார்க்க, 22-ஆம் தேதி பேப்பர் சிம்மக்கல் மைய நூலகத்தில் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

வீட்டம்மாவையும் சும்மா விடவேண்டாம். பால்காரர் தினமும் வருகிறவர். எந்தக் காலை ஞாபகத்திலும் தானாக வந்து நின்றுகொள்வார். 22-ஆம் தேதி ஊரெல்லாம் கடையடைப்பு. அன்றைக்குப் பால் வந்ததா என்று முதலில் கேளுங்கள்.