விளக்கைத் திறக்கும் பிள்ளைகள்: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

சிங்கப்பூரில் வீட்டிலேயே ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். மாணவர்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்து, இங்கே பள்ளியில் சேர ஏஇஐஎஸ் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகள். கணக்கில் புலிகள், ஆங்கிலத்திலும் மோசமில்லை. ஆனால் ஒரே ஒரு சொல் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. 'ஓபன்'. 'ஐ ஓபன்ட் தி லைட்', 'ப்ளீஸ் ஓபன் தி டிவி', 'மை மதர் இஸ் ஓபனிங் எ மீட்டிங்'. சின்னப் பையன் ஒருவன் அப்பா காரைத் திறந்துகொண்டு ஆபீஸ் போகிறார் என்று எழுதியிருக்கிறான். இதற்கு மேல், 'தி ஷாப் இஸ் ஓபன்ட் பட் தி பேங்க் இஸ் க்ளோஸ்'. நல்ல அகராதி ஒன்றைப் பார்த்து ஓபனுக்கு இருக்கும் அத்தனை பொருளையும் எழுதிக் கொடுத்தேன். ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பிக்கிறார்கள், கட்டுரை எழுதும்போது பழைய குருடி கதவைத் திறடி. நான் எங்கே சறுக்குகிறேன்? இன்னொன்று, இங்கே தெருவில் பாதிப் பேர் 'ஓபன் தி லைட்' என்றுதான் பேசுகிறார்கள். அதைத் தப்பு என்று பிள்ளைகளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

ஆர்., சிங்கப்பூர்

அன்புள்ள ஆர். அவர்களுக்கு,

அந்தப் பொருள் பட்டியலை முதலில் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். அதில் பிழை இருக்காது, ஆனால் உங்கள் பிள்ளைகளின் சிக்கல் அதில் இல்லை. அவர்கள் அந்த வாக்கியங்களை எழுதும்போது மனதில் ஓடுவது 'கை' என்ற சீன வினைச்சொல். ஓபன் என்பது அதன் மேல் ஒட்டிய லேபிள், அவ்வளவுதான். (ஒலி கிட்டத்தட்ட நம் கை மாதிரிதான், ககரத்தைக் கொஞ்சம் மூச்சோடு தள்ளிச் சொல்லி, குரலை உயரத்திலேயே வைத்து இழுக்க வேண்டும்.) ஆகவே நீங்கள் பிரித்துப் பரப்பிக் காட்ட வேண்டியது இந்தக் 'கை'யைத்தான்.

அது என்னென்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். கதவைத் திறப்பது 'கை'. விளக்கைப் போடுவது 'கை தெங்'. கார் ஓட்டுவது 'கை ச்செ'. மீட்டிங் போட்டால் 'கை ஹுவெய்', டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தாலும் கடைக்காரர் பில் போட்டுக் கொடுத்தாலும் 'கை', துப்பாக்கியால் சுட்டாலும் 'கை'. ஆபரேஷன் செய்வது 'கை தாவ்', அதாவது கத்தியைத் திறப்பது. கேலி பேசுவது 'கை வான்ஷியாவ்'. பூ மலர்ந்தால் 'கை', சந்தோஷமாக இருந்தால் 'கைஷின்', மனம் மலர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் வாய் பிளந்து கிடக்கும் பிஸ்தாவுக்குச் சீனத்தில் 'கைஷின் குவோ' என்று பெயர், சந்தோஷக் கொட்டை! தண்ணீர் கொதித்தாலும் அதே வினைதான், கொதிக்க வைத்த தண்ணீர் 'கைஷுவெய்'. சீன ரயில் நிலையங்களில் வெந்நீர் பிடிக்கும் அறைக்கு மேல் இந்தச் சொல்தான் பலகையில் இருக்கும். அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் 'ஓபன் வாட்டர்', கடலில் நீச்சல் அடிக்கப் போகிறவர்கள்தான் உள்ளே நுழைவார்கள்.

நமக்கு இது புதிதா என்ன? நம் 'போடு' இருக்கிறதே. லைட் போடு, டீ போடு, கையெழுத்துப் போடு, சண்டை போடு, ஊசி போடு, குட்டி போடு, ஒரு தூக்கம் போடு. ஒரு தமிழனுக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை, ஆங்கிலத்தில் 'புட் தி ஃபேன்' என்று சொல்லும் நாள் வரைக்கும். உங்கள் பள்ளிக்கால வகுப்பறையை நினைத்துப் பாருங்கள், அங்கே எத்தனை ஃபேன் புட் ஆகியிருக்கும்! ஆகவே அந்தப் பையன் மேல் சிவப்பு மையை ஊற்றும் முன் கொஞ்சம் இரக்கம் காட்டலாம்.

சொல்லப்போனால் தவறு பையனுடையதுகூட இல்லை, அவன் படித்த சொல்பட்டியலுடையது. 2001-க்குப் பிறகு சீனாவில் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் உண்டு, அது பிள்ளைகளுக்குள் போவது பெரும்பாலும் பட்டியலாகத்தான். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், எதிரில் இரண்டு மூன்று சீன எழுத்து. அகர வரிசைப் பட்டியலில் முதலில் நிற்பது 'அபாண்டன்', அதாவது கைவிடு. அதைப் படித்த கையோடு படிப்பையே கைவிட்டுவிடுகிறோம் என்று சீன மாணவர்களே தங்களைக் கிண்டலடித்துக்கொள்வார்கள். இப்படிப்பட்ட பட்டியலில் ஓபனுக்கு எதிரே 'தாகை' என்று இருக்கும். தாகை பெட்டியையும் திறக்கும், விளக்கையும் போடும், டிவியையும் போடும். பையன் நம்பிவிட்டான்.

காரும் மீட்டிங்கும் தானாகச் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள். 'டிரைவ்' என்பது தனிச் சொல், ஒரு தடவை மண்டையில் ஏறினால் இறங்காது. லைட்டும் டிவியும்தான் வருஷக்கணக்கில் கூடவே வரும், ஏனென்றால் அங்கே ஓபனுக்குப் பதில் வர வேண்டியது 'டர்ன் ஆன்' என்ற இரட்டைச் சொல். பார்த்தால் 'திருப்பு', 'மேல்', இரண்டையும் கூட்டினால் விளக்கு எரிகிறது, இதில் என்ன நியாயம் என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். தண்ணீர்க் குழாயையும் கேஸ் குழாயையும் திருகித் திறந்த காலத்து வழக்கு அது, மின்சாரம் வந்த பிறகும் சொல் மாறவில்லை. இதைச் சொன்னால் சிரிப்பார்கள், சிரித்தால் நினைவில் நிற்கும்.

ஓபனை எப்படிக் காட்டுவது என்று கேட்டால், நான் ஒரு சீன எழுத்தையே பயன்படுத்துவேன். 'கை'யின் பழைய முழு எழுத்தில் இரட்டைக் கதவுள்ள ஒரு வாசல், அதற்குள் குறுக்கே ஒரு தாழ்ப்பாள், அதை அகற்றும் இரண்டு கைகள். 1950-களில் எழுத்துகளைச் சுருக்கியபோது வாசலை எடுத்துவிட்டார்கள், தாழ்ப்பாளும் கைகளும்தான் மிச்சம். உங்கள் பிள்ளைகள் எழுதுவது இந்தச் சுருக்க எழுத்து. போர்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வாசல் உள்ளதுதான் இங்கிலீஷ் ஓபன் என்று சொல்லுங்கள். மூடிக் கிடந்த ஒன்று இருக்க வேண்டும், அதற்கு ஓர் உட்புறம் இருக்க வேண்டும், இப்போது உள்ளே போகலாம், பார்க்கலாம், எடுக்கலாம். பெட்டி, புத்தகம், கண், வாய், கடிதம், கடை, பேங்க் கணக்கு எல்லாம் இதில் அடங்கும். விளக்குக்கு உள்ளே யாரும் போவதில்லை.

அப்புறம் ஒரு பழைய ரேடியோவையும் ஸ்க்ரூடிரைவரையும் மேஜையில் வையுங்கள். 'டர்ன் ஆன்' என்றால் பட்டன், 'ஓபன்' என்றால் ஸ்க்ரூடிரைவர். பின்பக்க மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் ஒயரைக் காட்டிவிட்டால், 'ஓபன் தி டிவி' என்று எழுதும்போதெல்லாம் ஸ்க்ரூடிரைவர் ஞாபகம் வரும். லேப்டாப் இன்னும் நல்ல உதாரணம், அதில் இரண்டும் அடுத்தடுத்து நடக்கின்றன: மூடியைத் தூக்குவது ஓபன், பட்டனை அமுக்குவது டர்ன் ஆன், அதன் பிறகு வீசாட் என்ற சீன அரட்டைச் செயலியைச் சொடுக்கினால் மறுபடி ஓபன், ஏனென்றால் அதற்கு உள்ளே போகிறோம். இந்த வரிசையை வாயால் சொல்லிக்கொண்டே கையால் செய்யச் சொல்லுங்கள்.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் இன்னொரு கண்ணியும் காத்திருக்கிறது. இயற்பியலில் 'ஓபன் சர்க்யூட்' என்றால் மின்சாரம் ஓடாத சுற்று, 'க்ளோஸ்ட்' என்றால்தான் விளக்கு எரியும். குழாயில் வால்வைத் திறந்தால் தண்ணீர் ஓடும், சர்க்யூட்டில் ஸ்விட்சைத் திறந்தால் ஓட்டம் நிற்கும். துணை மின்நிலையத்தில் 'ஓபன் தி பிரேக்கர்' என்றால் இணைப்பைத் துண்டி என்று அர்த்தம், அங்கே போய் 'க்ளோஸ்ட்' என்றால் ஆஃப் என்று நினைத்துக்கொண்டு கையை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சீனத்திலும் திறந்த சுற்றுக்கு 'கை லூ' என்றுதான் பெயர், அதே 'கை'. ஸ்விட்சுக்குப் பெயர் 'கைகுவான்', திற-மூடு. அதாவது வீட்டில் 'கை' என்றால் எரியும், பாடப்புத்தகத்தில் 'கை' என்றால் எரியாது. இந்த முரண்பாட்டோடு அவர்கள் ஏற்கனவே வாழ்கிறார்கள், நீங்கள் சுட்டிக்காட்டினால் போதும்.

அடுத்தது 'தி ஷாப் இஸ் ஓபன்ட், தி பேங்க் இஸ் க்ளோஸ்'. இதற்கு நான் ஆங்கிலத்தைத்தான் திட்டுவேன். ஓபன் ஆதியிலிருந்தே பெயரடை, திறந்த நிலையைச் சொல்வது. வினை அதிலிருந்து பிறந்தது. க்ளோஸ் பிரெஞ்சு வழியாக வந்த வினை, ஆகவே மூடிய நிலையைச் சொல்ல 'க்ளோஸ்ட்' என்று கடைசியில் அதற்கு ஒரு வால் வேண்டியிருக்கிறது. எதிர்ச்சொற்கள் என்று ஜோடியாகக் கற்றுக்கொடுக்கிறோம், ஆனால் ஒன்றுக்கு வால் கிடையாது, மற்றதற்கு உண்டு. ஒழுங்கை எதிர்பார்க்கும் புத்திசாலிப் பிள்ளை இரண்டையும் மாற்றிப் போடும். போதாததற்கு வால் இல்லாத 'க்ளோஸ்' பெயரடையாக வந்தால் 'அருகில்' என்று பொருள். கடைசி ஒலியும் மாறுகிறது, அந்த வித்தியாசம் மாண்டரினிலும் இல்லை, நம் எழுத்தில் காட்டவும் வழி இல்லை. சீனத்தில் 'மென் கை ல' என்று ஒரே வாக்கியம், கதவு திறந்தது என்பதும் அதுதான், கதவு திறந்திருக்கிறது என்பதும் அதுதான். எனவே விதியைச் சொல்லி விளக்குவதில் பயன் இல்லை. 'இஸ் ஓபன், இஸ் க்ளோஸ்ட்' என்பதை வாய்ப்பாடு மாதிரி அடித்து உருவேற்றுங்கள். எனக்கும் மனப்பாடத்துக்கும் ஆகாது, ஆனால் இந்த ஓர் இடத்தில் வேறு வழி இல்லை.

சிங்கப்பூர்த் தெருப்பேச்சு பற்றிக் கேட்டீர்கள். அது அரைகுறை ஆங்கிலம் என்று நான் சொல்ல மாட்டேன். ஹொக்கியன் என்ற தென்சீன மொழியில் விளக்கைப் போடும் வினை 'குய்', அதுவும் திறப்பதுதான், மாண்டரின் 'கை'யின் உறவு. மலாயிலும் 'புக்கா லம்பு', விளக்கைத் திற. இரண்டு பக்கமும் இப்படி இருந்தால் நடுவில் இருக்கும் ஆங்கிலம் வேறு என்ன சொல்லும்? 2000-ல் அரசாங்கம் நல்ல ஆங்கிலம் பேசுவோம் என்று இயக்கமே தொடங்கியது, தெருவில் இன்னும் விளக்கைத் திறக்கத்தான் செய்கிறார்கள். பிள்ளைகளிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் 'ஓபன் தி லைட்' சரி, தேர்வுத்தாளில் 'டர்ன் ஆன்'. தப்பு என்ற சொல்லே வேண்டாம். எந்த இடத்தில் எதைப் பேசுவது என்பது வெளியூரிலிருந்து வந்த பிள்ளைக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று, என் கணக்கில் அதுதான் பெரிசு. நீங்கள் சுழித்ததெல்லாம் அவர்கள் எழுதியவை. எழுதாததை யார் சுழிப்பது? ஜாக்குலின் ஷாக்டர் என்ற மொழியியலாளர் 1974-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஆங்கிலத்தில் 'ஹூ', 'விச்' போட்டு இணைக்கும் துணைவாக்கியங்களைக் கையாள்வதில் பாரசீக, அரபு மாணவர்களைவிடச் சீன, ஜப்பானிய மாணவர்கள் குறைவாகத்தான் தவறு செய்தார்கள். கெட்டிக்காரர்கள் என்று மார்க் போட்டுவிட்டுப் போகலாம், ஆனால் எண்ணிப் பார்த்தால் அவர்கள் அந்த அமைப்பையே குறைவாக எழுதியிருந்தார்கள். கஷ்டமானதை விட்டுவிட்டு நடந்திருக்கிறார்கள்.

ஓபனிலும் இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். கேள்வி இன்னும் ஓபனாக இருக்கிறது, எந்த யோசனைக்கும் நான் ஓபன், வேலைக்கு ஓபனிங் இருக்கிறது, இந்த வாக்கியங்களை உங்கள் பிள்ளைகள் எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? சந்தேகம்தான். 'கை'யை வைத்து யோசிப்பவனுக்கு அந்தப் பக்கம் போக வழியே இல்லை. ஆனால் சில கதவுகள் ஏற்கனவே திறந்திருக்கின்றன, அவற்றிலிருந்து தொடங்கலாம். கணக்குத் தொடங்குவது சீனத்தில் 'கை ஹூ', ஆங்கிலத்திலும் ஓபன். ஊருக்கே தெரிந்த ரகசியம் சீனத்திலும் 'கோங்கை' ரகசியம், ஆங்கிலத்தில் 'ஓபன் சீக்ரெட்'. 1978-ல் தொடங்கிய சீனப் பொருளாதார மாற்றத்தையே 'கைஃபாங்' என்கிறார்கள், ஆங்கிலப் பத்திரிகைகளில் அது 'ஓபனிங் அப்'. இவை இனாமாகக் கிடைப்பவை, எடுத்துக்கொள்ளட்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 'மை மதர் இஸ் வெரி ஓபன்' என்று ஒரு பெண் எழுதினால் உடனே டிக் போட்டுவிடாதீர்கள். அவள் மனதில் 'கைஃபாங்' இருக்கும். அம்மா பழம்பஞ்சாங்கம் இல்லை, நவீனமானவர் என்று சொல்ல நினைத்திருப்பாள். (அதே சொல்லைச் சீனத்தில் கொஞ்சம் கண்ணடித்துச் சொன்னால் ஆண் பெண் விஷயத்தில் தாராளம் என்றும் ஆகும்.) ஆங்கிலத்தில் படிப்பவரோ அம்மா எதையும் ஒளிக்காமல் பேசுபவர் என்று எடுத்துக்கொள்வார். 'ஓபன்-மைண்டட்' என்று அவள் எழுத வேண்டும். பக்கத்தில் உட்கார வைத்து, அம்மா எப்படிப்பட்டவர் என்று அவளையே கேளுங்கள், அவள் சொல்வதை வைத்து எந்தச் சொல் என்று நீங்கள் முடிவு செய்யலாம்.