பழைய மாதிரி விமான எஞ்சினின் வயது

கேள்வி: காக்ஸ் நிறுவனத்தின் பழைய 049 (0.049 கன அங்குலக் கொள்ளளவுள்ள) மாதிரி விமான எஞ்சின் ஒன்று கிடைத்துள்ளது. அதிலுள்ள ஸ்டார்ட்டர் ஸ்பிரிங்கை வைத்து அதன் வயதைக் கணிக்க முடியுமா?

பதில்: ஓரளவுதான் முடியும். விசிறியைச் சுழலும் திசைக்கு எதிராகச் சுற்றிவிட்டுக் கையை எடுத்தால் எஞ்சினை உதைத்துக் கிளப்பும் இந்த ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டுவது எளிது. பல உரிமையாளர்கள் புதியதை மாட்டியிருப்பார்கள் என்பதால், அது எஞ்சினைவிட இளையதாகவே இருக்கலாம். ஸ்பிரிங்கின் கொக்கி உராயும் இடத்தில் எஞ்சினின் முன்மூக்கின் (விசிறிக்குப் பின்னாலுள்ள குறுகிய முன்பகுதியின்) அலுமினியம் தேய்ந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஸ்பிரிங் பளபளப்பாக இருந்து, மூக்கு மட்டும் தேய்ந்திருந்தால், அது மாற்றப்பட்டதென்றே கொள்ளலாம்.

காக்ஸ் 049 எஞ்சின்களில் ஒன்றான பேப் பீ வகை 1956இல் வந்தது. எனவே உங்களுடையது அவ்வகையானால் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. பெட்டி இருந்தால் அதுவே மேலான சான்று: காக்ஸ் நிறுவனம் 1969இல் லெஷர் டைனமிக்ஸ் வசமும் 1996இல் எஸ்டெஸ் வசமும் போனதால், அச்சிட்ட பெயரும் முகவரியும் காலத்தைக் குறுக்கிவிடும். வென்-மாக் என்ற வேறொரு நிறுவனத்தின் எஞ்சின்களில் ஸ்டார்ட்டர் எஞ்சினோடு சேர்ந்தே அமைந்திருப்பதால், அங்கே அந்தப் பாகத்தின் சாட்சியம் இதைவிட நம்பகமானது. தயவுசெய்து ஸ்பிரிங்கை மெருகேற்றாதீர்கள்; தேய்மானத் தடயங்கள் அழிந்துவிடும்.