பதில்: கொரோனா பணியிலிருந்து நிறுத்தப்பட்ட செவிலியருக்கு

சகோதரி, கொரோனாவுக்காக ஒப்பந்தச் செவிலியராகச் சேர்ந்து 2022 டிசம்பர் 31-உடன் நிறுத்தப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். "மாநில வருமானம்தான் மீண்டுவிட்டதே, எங்களை ஏன் அனுப்பினார்கள்?" என்ற உங்கள் கோபம் முழுக்க நியாயம்.

2020-ல் தமிழக அரசின் கஜானா வறண்டபோது, நிரந்தர ஊழியர்களுக்கு அகவிலைப்படி உயர்வை நிறுத்தினார்கள். ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கினார்கள், மறு ஆண்டே 60. ஓய்வுக்காலப் பணத்தைத் தள்ளிப்போட அது உதவியது, அவர்கள் வேலையும் தப்பியது. ஒப்பந்தக்காரர்களுக்கு அந்தக் காப்பு கிடையாது. ஆணையில் உள்ள தேதி முடிந்தால் வேலையும் முடிந்தது. வருவாய் மீண்டாலும் பணியிடம் தானாக வராது, அதற்குத் தனி அரசாணை வேண்டும். உயிரைப் பணயம் வைத்தவர்களை இப்படி நடத்தியது எனக்கு இன்றும் ஆறவில்லை.

சரி, இனி செய்ய வேண்டியது. 2023 தொடக்கத்தில் செவிலியர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, மாவட்ட அளவில் சுகாதாரப் பணியாளர்களை எடுக்கும் மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வழியாக 18,000 ரூபாய் சம்பளத்தில் வேலை தருவதாக அரசு சொன்னது, முன்பு 14,000. அதுவும் தற்காலிகம்தான், ஆனாலும் விண்ணப்பியுங்கள். அறிவிப்புகள் மாவட்ட இணையதளத்தில் வரும். நியமன ஆணை, விடுவிப்பு ஆணை, சம்பளம் ஏறிய வங்கிப் பக்கம் எல்லாவற்றையும் நகலெடுத்து வையுங்கள். கொரோனா பணிச் சான்று இல்லையென்றால், வேலை பார்த்த மருத்துவமனையில் இந்த வாரமே கேளுங்கள். அங்கே அதிகாரி மாறிவிட்டால் அப்புறம் வீண் அலைச்சல்.