ஏபிஎஸ் மாட்யூல் ஸ்கேனரில் பேசவில்லை என்றால் உடனே மாற்ற வேண்டுமா?

கானாடுகாத்தான் வீட்டு ஷெட்டில் நாலு மாதம் நின்ற கார். ஸ்கேனரில் யு0121 என்ற கோளாறு கோடு வருகிறது, ஏபிஎஸ் மாட்யூலை (பிரேக்கை அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் கணினிப் பெட்டி) மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்படாதீர்கள். ஏபிஎஸ்ஸிடமிருந்து தகவல் வரவில்லை என்பதுதான் அந்தக் கோடின் பொருள். மாட்யூல் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை.

ஃபியூஸ்களைப் பாருங்கள். அப்புறம் மாட்யூலின் கனெக்டரைக் கழற்றி, கரண்டும் எர்த்தும் சரியாக வருகிறதா என்று பாருங்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒரே ஒரு இழை மிஞ்சிய ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். அதனால் அந்தக் கரண்டுக்கும் எர்த்துக்கும் நடுவே 21 வாட் பல்பு ஒன்றைக் கோத்துப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் கோளாறு ஒயரில் அல்லது எர்த்தில்தான்.

அது சரியென்றால் கேன் ஒயர்கள், அதாவது மாட்யூல்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் ஜோடி ஒயர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே அளந்தால் பெரும்பாலான கார்களில் 60 ஓம் வரும். 120 வந்தால் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் உரசுகின்றன. 60 வந்தாலும் ஏபிஎஸ்ஸுக்குப் பிரியும் கிளை மட்டும் அறுந்திருக்கலாம், அதையும் விடாதீர்கள்.

விசேஷத்துக்கு மட்டும் திறக்கும் நம் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளில் எலிக்குக் குறைவில்லை. எங்கள் அப்பத்தா வீட்டு வண்டியிலும் இதே கோடுதான். எலி கடித்த எர்த் ஒயரைச் சேர்த்ததும் மாட்யூல் பேசிவிட்டது. உங்கள் காரில் கோளாறு சரியாகும் வரை மெதுவாக ஓட்டுங்கள்: சாதாரண பிரேக் பிடிக்கும், ஆனால் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்.